புதுப் பிராசசர், பழைய பெட்டி

வாலாஜாபாத்தில் கம்ப்யூட்டரை அடியோடு மாற்றுகிறவர்கள் குறைவு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை, டாலியில் கணக்கு எழுதும் பட்டு வியாபாரி, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கத்து நெசவாளர்களுக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுப்பவர், ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து இரவில் கேம் ஆடும் இளைஞர் என்று யாரிடம் பார்த்தாலும் பெரும்பாலும் அசெம்பிள்டு சிஸ்டம்தான். அது மெதுவாகிவிட்டால் முதலில் ரேம் கூட்டுவார்கள், பிறகு எஸ்எஸ்டி போடுவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிராசசரில் கை வைப்பார்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தால் வேலை முடிந்தது என்ற கணக்கு.

கணக்கு தப்பில்லை. 2017-இல் ஏஎம்டியின் முதல் ரைசன் வந்தபோது வாங்கிய ஏஎம்4 மதர்போர்டில், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி சிப்பைப் போட முடிகிற போர்டுகள் உண்டு. இன்டெல் பக்கம் எல்ஜிஏ 1700 சாக்கெட் 12, 13, 14 என மூன்று தலைமுறைகளுக்கு ஒன்றே. ஐ3-12100 இருந்த இடத்தில் ஐ7-13700 உட்காரும். உட்காரும் என்பதோடு ஒத்துப்போகும் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்வதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது.

மாற்றிய அன்று எல்லாம் பறக்கும். இரண்டு நாளில் ஒரு ப்ளூ ஸ்கிரீன் வரும். பிறகு சேவ் செய்யும் நேரம் பார்த்து ரீஸ்டார்ட் ஆகும், அல்லது ஆள் டீக்குப் போயிருக்கும்போது தானே அணைந்து கிடக்கும். “சிப்பு டூப்ளிகேட்டுப்பா, கொண்டுபோய்க் குடுத்துடு” என்று பக்கத்துக் கடைக்காரர் தீர்ப்புச் சொல்வார். பத்தில் ஒன்பது முறை அந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு. பழைய பெட்டியில் முன்பே இருந்த ஒரு குறையைப் புதுச் சிப் வெளியே கொண்டுவந்திருக்கும். குறை எது என்று பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த ஒழுங்கைப் பற்றியது.

பழுது பார்ப்பதற்கு முன்னால் ஃபைல்களைக் காப்பாற்ற வேண்டும். அணைந்து அணைந்து எரிகிற கம்ப்யூட்டரைவிட, அணையாமல் தப்பாக எழுதுகிற கம்ப்யூட்டர் ஆபத்து. ஜக்கார்டு டிசைனில் கிராஃபின் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். அந்த ஃபைலை வைத்துத்தான் அட்டையில் துளை போடுகிறார்கள். துளை இருந்தால் அந்த இழை தூக்கும், இல்லாவிட்டால் கீழேயே இருக்கும். ஃபைலில் ஒரு கட்டம் கெட்டால் அட்டையில் ஒரு துளை தப்பும். தறியில் அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் அதே இடத்தில் அதே பிசகு கரையில் விழும். சேலை பாதி நெய்த பிறகுதான் கண்ணில் படும். நிலையில்லாத ரேமும் நிலையில்லாத பிராசசரும் செய்யக்கூடிய கெடுதி இதுதான். ப்ளூ ஸ்கிரீனாவது நின்று சொல்கிறது, இது சொல்லாமல் செய்கிறது. ஆகவே தகராறு தொடங்கியதும் டிசைன், டாலி டேட்டா எல்லாவற்றையும் வேறொரு டிரைவுக்கு நகலெடுத்துவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் புது வேலை செய்வதை நிறுத்திவிட வேண்டும். பிராசசர் மாற்றுவதற்கு முன்பு எடுத்த நகல் இருந்தால் அதன்மேல் எழுதிவிடாமல் தனியாக வைப்பது நல்லது. ஏனென்றால் நம்பக்கூடிய கடைசி நகல் அது ஒன்றுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு எச்சரிக்கை. விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதன் ரெக்கவரி கீயைப் பிராசசர் மாற்றுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ரைசன் போர்டுகளில் புதுச் சிப்பைப் பார்த்ததும், அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் செய்யட்டுமா, ஒய் அல்லது என் அழுத்து என்று முதல் திரையிலேயே கேட்கும். பலர் யோசிக்காமல் ஒய் அழுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கீ இல்லாமல் டிஸ்க்கைத் திறக்க முடியாது.

சிப்பின்மேல் பழி போடுவதற்கு முன் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டும் கணக்கைப் பல கம்ப்யூட்டர்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1994-இல் அந்தக் கூட்டத்தில் ஒரு பென்டியம் கம்ப்யூட்டரையும் சேர்த்தார். ஜூன் மாதம் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவர் உடனே இன்டெலுக்கு எழுதவில்லை. முதலில் தம் புரோகிராமைச் சந்தேகித்தார். பிறகு மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கினார், மதர்போர்டின் சிப்செட் உட்பட. கோளாறு பிராசசரில்தான் என்ற முடிவுக்கு வர அக்டோபர் ஆகிவிட்டது. 824633702441 என்ற எண்ணின் தலைகீழியைக் கேட்டால் பென்டியம் தப்பான விடை தந்தது. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், பென்டியம் 1.33374 என்றது. அந்தச் சிப்புகளை மாற்றிக் கொடுக்கும் செலவுக்காக இன்டெல் 1995 ஜனவரியில் 47.5 கோடி டாலரைத் தன் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று.

சிப்பே குற்றவாளியாக இருந்த அந்த வழக்கில்கூட, நைஸ்லி அதைக் கடைசியில்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். வாலாஜாபாத்தில் நான்கு மாதம் காத்திருக்க முடியாது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுவது என்ற இரண்டையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ரேமையும் கழற்றி, பயாஸையும் ஏற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, அதற்குப் பிறகு சரியாகிவிட்டால் எதனால் சரியானது என்று ஒருபோதும் தெரியாது. அடுத்த மாதம் அதே தொல்லை திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் வேலை பயாஸில். பழைய சிப்புக்காக எப்போதோ வைத்த அமைப்புகள் புதுச் சிப்புக்கும் அப்படியே நிற்கும். யாரோ ஒரு நண்பர் யூடியூப் பார்த்துக் குறைத்த வோல்டேஜ், கூட்டிய கிளாக், ரேமின் வேகத்தைக் கூட்டப் போட்ட எக்ஸ்எம்பி என்று எது வேண்டுமானாலும் உள்ளே கிடக்கலாம். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளை உருவி, போர்டில் இருக்கும் கிளியர் சிமாஸ் ஜம்பரைச் சில நொடி இணைத்தால் எல்லாம் அழியும். ஜம்பர் கண்ணில் படாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டாலும் போதும். ஐந்தாறு வருடப் பழைய போர்டு என்றால் அந்தப் பேட்டரியையும் இதோடு மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. பிறகு எக்ஸ்எம்பி, அதற்கு ஏஎம்டி பக்கத்து இணையான எக்ஸ்போ எதையும் போடாமல் வெறும் டிஃபால்ட்டில் இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதி வழக்குகளில் தொல்லை இதிலேயே நின்றுவிடும்.

அடுத்தது பயாஸின் வயது. ஒரு பிராசசரை எப்படி நடத்த வேண்டும் என்ற குறிப்பும், அதன் உள்வேலையைத் திருத்தும் மைக்ரோகோடு என்ற நிரலும் பயாஸில் இருக்கின்றன. சிப் வெளிவருவதற்கு முந்தைய பயாஸ் உள்ள போர்டில் அந்தச் சிப்பைப் போட்டால் சிலவற்றில் திரையே வராது. சிலவற்றில் ஏறும், விண்டோஸும் வரும், ஆனால் அரைகுறைப் புரிதலில் ஓடும். 2018-இல் முதல் முறை ரைசன் கம்ப்யூட்டர் கட்டியவர்கள் பலர் இதில் மாட்டினார்கள். புதுச் சிப்பை ஏற்க பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கப் பழைய சிப் வேண்டும், அது அவர்களிடம் இல்லை. ஏஎம்டி நிறுவனமே பழைய பிராசசர்களைத் தற்காலிகக் கடனாக அனுப்பிவைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது.

இதனால்தான் பயாஸைப் பழைய சிப் உள்ளே இருக்கும்போதே ஏற்றிவிடச் சொல்வது. அது தவறிப்போய், இப்போது அடிக்கடி ஹேங் ஆகிற நிலையில் பயாஸை ஏற்றுவது விபரீதம். பாதியில் நின்றால் போர்டே போய்விடும். ஃபிளாஷ்பேக் பொத்தான் இருக்கிற போர்டு என்றால் பென் டிரைவைச் சொருகி, பிராசசரின் தயவில்லாமலே ஏற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பழைய சிப்பை மறுபடி மாட்டி, யுபிஎஸ்ஸில் வைத்து, ஏற்ற வேண்டும். கோடைக்காலப் பகலில் கரன்ட் போய் வருகிற நேரத்தில் இதை வைத்துக்கொள்ளாமலிருப்பது உத்தமம்.

இவ்வளவுக்கும் பிறகு தொல்லை தொடர்ந்தால், விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் தடயத்தைப் படிக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலான கடைகளில் யாரும் திறப்பதில்லை, கம்ப்யூட்டர் வந்தவுடன் ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். ஃபார்மட் அடித்தால் தடயமும் சேர்ந்து போகும்.

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழே சிஸ்டம் பகுதிக்குப் போனால் சிவப்புக் குறியோடு கெர்னல்-பவர் 41 என்று நிறைய வரிகள் இருக்கும். அதைப் பார்த்ததும் ‘பவர் என்று போட்டிருக்கிறதே, எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான், முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்று ஓர் எண் இருக்கும். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்கு ஒரு வார்த்தை எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை. கரன்ட் அறுந்திருக்கலாம், அல்லது அப்படியே உறைந்துபோய்க் கையால் ரீசெட் அடித்திருக்கலாம். 292 என்றால் ஹார்டுவேர் தானே பிழையை அறிவித்திருக்கிறது. 257 என்றால் ஒரு கோர் குறித்த நேரத்தில் பதில் சொல்லவில்லை. 26 என்றால் முதலில் பார்க்க வேண்டியது ரேம்.

அதே பட்டியலில் ஹியா-லாகர் என்ற பெயரில் 18 என்ற எண் இருந்தால் அது பொக்கிஷம். எந்தக் கோர் பிழையைச் சொன்னது என்று ஏபிக் ஐடி எண்ணோடு அதில் இருக்கும். நான்கைந்து முறை விழுந்ததில் ஒவ்வொரு முறையும் அதே எண் வந்தால் சிப்பின் அந்த ஒரு கோரின்மேல் சந்தேகம் வலுக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் எல்லாக் கோருக்கும் பொதுவான ஏதோ ஒன்று, அதாவது மின்சாரம், ரேம், போர்டு இவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். மூன்று நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய இது, மூன்று நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இனி பெட்டியைத் திறக்கலாம். பிராசசர் மாற்றும் வேலையில் கை அவசரத்தால் வரும் கோளாறுகள் இங்கே தெரியும். ரைசன் ஏஎம்4 சிப்புகளில் பின்கள் சிப்பின் அடியில் இருக்கின்றன. பழைய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருக்கும்போது கூலரை நேராகப் பிடித்து இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்தே சிப் பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுத்தால் இந்த விபத்து இல்லை. இன்டெலில் பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன, மயிரிழை மாதிரி. ஒன்று வளைந்தாலும் கம்ப்யூட்டர் ஏறக்கூடும், ஆனால் இரண்டு ரேமில் ஒன்று காணாமல் போகும், அல்லது எப்போதாவது ஒரு முறை தடுமாறும். டாஸ்க் மேனேஜரில் 16 ஜிபிக்குப் பதில் 8 ஜிபி காட்டினால் ரேமைக் குறை சொல்வதற்கு முன் டார்ச் அடித்துச் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். கூலரின் நான்கு திருகில் ஒரு பக்கம் மட்டும் இறுகினாலும் இதே அறிகுறி வரும். திருகுகளைத் தளர்த்தி, குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் காணாமல் போன ரேம் திரும்பி வருவதுண்டு.

கம்ப்யூட்டரைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பிராசசர் மாற்றி, திருமால்பூர் வண்டியிலோ பைக்கின் முன்னாலோ வைத்துத் திரும்பக் கொண்டு வந்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெரிய டவர் கூலர் முக்கால் கிலோவுக்கு மேல் இருக்கும். செங்குத்தாக நிற்கும் போர்டில் அது பக்கவாட்டில் தொங்குகிறது. ஒவ்வொரு குலுக்கலும் பேஸ்ட்டின் மேலும் சாக்கெட்டின் மேலும்தான் விழும். கேபினெட்டைப் படுக்க வைத்துக் கொண்டுவருவதே சரி. கடையில் நன்றாக ஓடியது வீட்டில் ஓடவில்லை என்ற புகாரில் கணிசமானவை இந்தப் பயணத்தில் விளைந்தவை.

சூடு ஏறினால் சிப் சட்டென்று அணைந்துவிடும் என்று ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இன்டெலின் 12 முதல் 14-ஆம் தலைமுறைச் சிப்புகளுக்கு எல்லை 100 டிகிரி, ரைசன் 7 5800எக்ஸுக்கு 90, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், உடனே அணையாது. ஆகவே மந்தமாகிறது என்றால் சூடு, சட்டென்று அணைகிறது என்றால் வேறு காரணத்தை முதலில் பார்ப்பது நல்லது. ஆனாலும் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். 25 டிகிரி ஏசி அறையில் 80-இல் நின்ற சிப், மே மாதம் ஓட்டு வீட்டில் அறையே 40-ஐத் தொடும்போது அதே வேலைக்கு 95-க்குப் போகும். ரிவ்யூக்களில் பார்த்த எண்கள் இங்கே செல்லாது. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அந்தந்த நேரத்து வெப்பம், வோல்டேஜ், வாட் எல்லாவற்றையும் காட்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். விஷயம் கனமானது இங்கேதான். பிராசசருக்குப் போட்டிருக்கும் 65 வாட் என்ற எண்ணை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஐ3-12100 முழு வேகத்தில் இழுப்பது 89 வாட் வரை. அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-13700-க்கு அடிப்படை 65 வாட் என்றுதான் போட்டிருக்கும், முழு வேகத்தில் 219 வாட் வரை போகும். ஏஎம்டியில் 105 வாட் என்று விற்ற ரைசன் 7 5800எக்ஸ் 142 வாட் வரை எடுக்கும். நேர்மாறாக 65 வாட் ரைசன் 7 5700எக்ஸ் 76 வாட்டோடு நின்றுவிடும். பழைய பெட்டிக்கு ஏற்ற சிப் எது என்று கேட்டால் இந்த முழு வேக எண்ணே பதில். பழைய ஏஎம்4 போர்டுக்கு 5700எக்ஸ் போதும் என்று தயங்காமல் சொல்லலாம்.

இந்த வாட் எல்லாம் போர்டில் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும், பிராசசருக்கு வேண்டிய அளவு வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் விஆர்எம் வழியாகத்தான் போக வேண்டும். விலை குறைந்த எச்610, ஏ320 போர்டுகள் பலவற்றில் அதன்மேல் ஹீட்சிங்க் கூடக் கிடையாது. ஐ3-க்கு அது போதுமானதாக இருந்தது. ஐ7 வந்ததும் விஆர்எம் கொதிக்கும், போர்டு பிராசசரின் கையைக் கட்டிப்போடும், இவ்வளவு செலவழித்தும் வேகம் வரவில்லையே என்று உரிமையாளர் புலம்புவார்.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசம் போல வரும் 450 வாட் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தால், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் வேண்டிய 12 வோல்ட் பகுதியில் எத்தனை ஆம்பியர் என்று தெரியும். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் உண்மை வாட். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். ஸ்டிக்கரின் மேலே 450 என்று எவ்வளவு கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் அதுதான் நிலை. போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியே எட்டு பின் இணைப்பு இருக்கும்போது நான்கு பின் மட்டும் மாட்டி விட்டிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிட வேண்டும். பழைய சிப்புக்கு நான்கு போதும் என்பதால் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

எப்போது விழுகிறது என்பதும் ஒரு சாட்சி. ரெண்டரிங், கேம் என்று பாரம் ஏறும்போது விழுந்தால் எஸ்.எம்.பி.எஸ்., விஆர்எம், கூலர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது விழுந்தால் அது வேறு ஜாதி. ரைசன் சிப்புகள் சும்மா இருக்கையில் மின்சாரத்தை மிகவும் குறைத்துக்கொள்ளும், சில பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் அவ்வளவு குறைந்த இழுப்பில் நிலைகொள்ளாது. பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்பதை டிபிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றினால், டீ குடித்துவிட்டு வந்தால் அணைந்து கிடக்கிறது என்ற புகார் பல இடங்களில் தீர்ந்திருக்கிறது. கரன்ட் போன நொடியில் மட்டும் அணைந்தால் யுபிஎஸ்தான் காரணம். கடைகளில் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. பழைய சிப்பைத் தாங்கிய அது புதியதைத் தாங்காமல் போகலாம்.

ரேமுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்எம்பி என்பது ஓவர்கிளாக் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ரைசன் 5000-க்கு ஏஎம்டி உறுதி சொல்வது டிடிஆர்4 3200 வரைதான், 3600-க்கு உத்தரவாதமில்லை. டிடிஆர்5-இல் நான்கு ரேம் சொருகினால் ரைசன் 7000-க்கு அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடுகிறது. பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 ஓட்டி ஒரு பிழைகூட வரக்கூடாது. ஒன்றே ஒன்று தானே என்று விட்டுவிட இடமில்லை. ரைசன் 7000 உட்காரும் ஏஎம்5 போர்டில் சிப் மாற்றிய பிறகு முதல் தடவை ஆன் செய்தால் சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும், ரேமைப் பழக்கிக்கொள்கிறது. பயந்துபோய் அந்த நேரத்தில் அணைக்காமலிருக்க வேண்டும்.

இத்தனையும் பார்த்துத் தீராவிட்டால்தான் சிப். அப்படிச் சிப்பே குற்றவாளியாக நின்ற வழக்கு அண்மையில் உலகத்தையே சுற்றியது. இன்டெலின் ஐ9-13900கே 2022 அக்டோபரில் வந்தது, ஐ9-14900கே அடுத்த அக்டோபரில். இவற்றை வாங்கியவர்களுக்குக் கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று ஒரு செய்தி வந்தது. இயல்பாகவே எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள், சிலர் புதிதாக வாங்கியும் பார்த்தார்கள். அந்தக் கேம்களில் சுருக்கிவைத்த டேட்டாவை விரிக்கும் ஊடில் மென்பொருளை எழுதிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனம், விரித்த டேட்டாவைச் சரிபார்க்கும்போது பிழை வருகிறது, காரணம் ஹார்டுவேர், எங்கள் மென்பொருள் இல்லை என்று எழுதியது. 2024 ஏப்ரலில் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவும் இந்தப் புகாரோடு வருகிறவர்களை இன்டெலிடம் போகச் சொன்னது. கோர் வேகத்தை 55-லிருந்து 53 மடங்காகக் குறைத்தால் கேம் ஓடியது. அதிலேயே ஒளிந்திருந்தது குட்டு.

முதலில் பழி விழுந்தது மதர்போர்டு கம்பெனிகள்மேல். அதில் நியாயமும் இருந்தது. 253 வாட்டில் நிற்க வேண்டிய சிப்புக்குப் பல போர்டுகள் டிஃபால்ட்டாகவே நாலாயிரத்துச் சொச்சம் வாட் என்று எல்லை போட்டிருந்தன, அதாவது எல்லையே இல்லை. வெறும் டிஃபால்ட் என்றால் பத்திரம் என்று நினைத்தவர்களுக்கு இது அடி. ஆனால் அத்தோடு முடியவில்லை. 2024 ஜூலையில் இன்டெல், தன் மைக்ரோகோடே பிராசசருக்கு வேண்டியதைவிட அதிக வோல்டேஜ் கேட்டிருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் வந்த சீரோ எக்ஸ் 129 மைக்ரோகோடு 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. செப்டம்பரில் வந்த 12பி, சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும் ஏறிய வோல்டேஜை அடக்கியது. 2025 மே மாதம் 12எஃப் வந்தது, நாள்கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் கம்ப்யூட்டர்களுக்காக. அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து கோருக்குள் இருக்கும் கிளாக் சர்க்யூட்டை முதுமையடையச் செய்துவிடுகின்றன, அதனால் முன்பு போதுமாக இருந்த வோல்டேஜ் பிறகு போதாமல் போகிறது என்பதே இன்டெல் தந்த விளக்கம்.

புதுப் பயாஸ் இனிமேல் வரும் கெடுதியைத் தடுக்குமே தவிர, கெட்டுவிட்ட சிப்பைத் திரும்பத் தராது. வாலாஜாபாத்தில் பழைய சிப் தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு நேரடிச் செய்தி உண்டு. 13, 14-ஆம் தலைமுறையில் கே எழுத்துள்ள ஐ5, பிறகு ஐ7, ஐ9 ஆகியவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதை இந்த நூல் பரிந்துரைக்கவில்லை. 2024-க்கு முன் அது எந்தப் போர்டில் எந்த பயாஸில் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. ஐ3-க்கு இந்தப் பிரச்சினை இல்லை. வாங்கியே ஆக வேண்டும் என்றால் பில்லோடு வருவதாகப் பார்த்து வாங்கலாம், ஏனென்றால் பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருடம் நீட்டி, பெட்டியில் வந்தவற்றுக்கு மொத்தம் ஐந்து வருடமாக்கியிருக்கிறது. பெட்டி இல்லாமல் ட்ரே சிப்பாக வாங்கியிருந்தால் வாங்கிய கடை வழியாகத்தான் போக வேண்டும்.

ஏஎம்டிக்கும் ஒரு முறை இதே மாதிரி தலைவலி வந்தது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் சில போர்டுகளில் கருகின. எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டோடு நிறுத்தும் புதுப் பயாஸ் வந்தது. அந்த மாதத்துக்கு முந்தைய பயாஸில் ஓடும் ஏஎம்5 போர்டைப் பார்த்தால் அன்றே புதுப்பித்துவிட வேண்டும்.

சிப்பைச் சோதிக்கச் செவன்-ஜிப் போன்ற சுருக்கும் மென்பொருளில் ஒரு பெரிய கோப்பைச் சுருக்கி, விரித்து, சரிபார்க்கச் சொல்வது எளிய வழி. தப்பாகக் கணக்கிடும் சிப் இதில் சிக்குகிறது. என்விடியா டிரைவரை இன்ஸ்டால் செய்யும்போது பாதியில் பிழை காட்டி நின்றாலும் இதே சந்தேகம்தான். பிரைம்95 கடினமான சோதனை. அது உண்மையில் பெரிய பகா எண்களைத் தேடும் மென்பொருள். 2016-இல் இன்டெலின் ஸ்கைலேக் சிப்புகளில் இருந்த ஒரு பிழையை அதை ஓட்டியவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், இன்டெல் பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது. ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்கக் கோர்சைக்ளர் இருக்கிறது. ஹியா-லாகரில் ஒரே ஏபிக் ஐடி திரும்பத் திரும்ப வந்திருந்தால், அதே கோர் இதிலும் விழுகிறதா என்று பார்க்கலாம். சோதனையை ஓர் இரவு முழுக்க, வெயில் நாளில் ஒரு முறை பகலிலும், ஓட்டினால்தான் முடிவைச் சொல்ல முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான சோதனை ஒன்று இருக்கிறது. பழைய பிராசசரை மறுபடி மாட்டிப் பார்ப்பது. தொல்லை நின்றுவிட்டால் சந்தேகம் புதுச் சிப்பின்மேலும், அதற்குப் போதாத மின்சாரத்தின்மேலும் மட்டும்தான். தொல்லை தொடர்ந்தால் சிப்பை விட்டுவிட்டு மற்றதைத் தேடலாம். ஆனால் பழையதை ஓஎல்எக்ஸில் விற்ற காசில்தான் பலர் புதியதை வாங்குகிறார்கள், புதியது வந்த அன்றே பழையது கைமாறிவிடுகிறது. ஒரு மாதமாவது அதை அட்டைப்பெட்டியில் வைத்திருந்தால் நல்லது. புதியது வாரண்டிக்குப் போய்த் திரும்பும்வரை கடை ஓடுவதும் அதை நம்பித்தான். வாரண்டிக்குப் போகும்போது பில், சிப்பின் மூடியில் அச்சிட்ட எண்களின் போட்டோ, ஏறியிருக்கும் பயாஸின் வெர்ஷன், ஹியா-லாகர் வரிகளின் ஸ்கிரீன்ஷாட், எந்தெந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று எழுதிய தாள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், ஃபார்மட் அடித்துப் பார்த்தீர்களா என்ற முதல் கேள்வியோடு திருப்பி அனுப்ப முடியாது.